ஓர் அகராதிச் செயலியும் ‘டூல்’ என்ற ஒரு சொல்லும்

இயந்திரங்களுடன் வரும் பயன்பாட்டுக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். அந்த வேலைக்காக ஓராண்டுக்கும் மேலாக என் கைப்பேசியில் வைத்திருக்கும் ஓர் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலியைப் பற்றியது இந்த மதிப்பீடு. செயலியின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே சுட்டப்போகும் குறைகளை வேறு இரண்டு செயலிகளிலும் ஏறக்குறைய அப்படியே கண்டேன் என்பதால், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நியாயமாகாது. ஓர் அகராதியின் எல்லாப் பதிவுகளையும் ஒருவர் படித்துப் பார்த்துவிட முடியாது. ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பதிவை வரிவரியாகச் சோதித்தேன். அரிய சொல்லுக்குப் பொருள் தருவது எளிது. அதற்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான் இருக்கும். எல்லோர் வாயிலும் நாள்தோறும் புழங்கும் சொல்லில்தான் அகராதி தொகுத்தவரின் உழைப்பு வெளிப்படும். நான் எடுத்துக்கொண்ட சொல் ‘டூல்’.

செயலியின் நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையம் இல்லாத இடத்திலும் அது வேலை செய்கிறது. எழுத்துப் பிழையுடன் தேடினாலும் சரியான சொல்லைக் கண்டுபிடித்துத் தருகிறது. ஒலிப்புக்கான குரல் தெளிவாக இருக்கிறது. தமிழ்ச் சொல்லைத் தட்டி ஆங்கிலச் சொல்லைத் தேடும் வசதியும் உண்டு. தேடிய சொற்கள் நாள்வாரியாகச் சேமிக்கப்படுவதால், சென்ற வாரம் பார்த்த சொல்லை மறுபடி எடுப்பதற்கு நேரம் ஆவதில்லை. இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இனிப் பதிவுக்கு வருகிறேன். ‘டூல்’ என்று தட்டினால் பெயர்ச்சொல் என்ற தலைப்பின்கீழ் ஐந்து தமிழ்ச் சொற்கள் காற்புள்ளியிட்டு வரிசையாக வருகின்றன: கருவி, ஆயுதம், உபகரணம், சாதனம், கைக்கூலி. வினைச்சொல் என்ற தலைப்பின்கீழ் ‘கருவியால் வேலை செய்’ என்ற ஒரே வரி. அதற்குக் கீழே சில கூட்டுச்சொற்களும் ஒரு பழமொழியும் உள்ளன. எந்தப் பொருள் எந்தத் துறைக்கு உரியது, எந்தத் தமிழ்ச் சொல் எந்த இடத்தில் பொருந்தும், எது பேச்சுவழக்கு, எது கொச்சை என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியமும் இல்லை.

இந்தக் காற்புள்ளி வரிசை என்ன செய்யும் என்பதை நான் ஒரு பட்டறையில் நேரில் பார்த்தேன். கடைசல் இயந்திரம் ஒன்றின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை நிறுத்தி, டூலைப் பின்னுக்கு இழுத்து, அதன் பிறகே கடைசலில் உள்ள உருப்படியை அளக்க வேண்டும் என்பது ஆங்கில வாக்கியத்தின் கருத்து. செயலியின் துணையோடு நான் எழுதியது இது: ‘இயந்திரக் கருவியை நிறுத்தி, கருவியைப் பின்னுக்கு இழுத்தபின் அளவுகருவியால் உருப்படியை அளக்கவும்.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்ற திருப்தியோடு, பல ஆண்டுகளாகக் கடைசல் வேலை பார்த்துவரும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் விரலை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, “சார், இதுல மூணு கருவி இருக்கு. எதைப் பின்னால இழுக்கச் சொல்றீங்க?” என்று கேட்டார். என் பேனாவை வாங்கி முதல் கருவியை அடித்து ‘மெஷின்’ என்றும், இரண்டாவதை அடித்து ‘டூல்’ என்றும், மூன்றாவதை அடித்து ‘வெர்னியர்’ என்றும் எழுதிக் கொடுத்தார். சுழலும் உருப்படிக்கு அருகில் கையை வைத்து வேலை செய்பவர் படிக்க வேண்டிய வரி அது. அதில் குழப்பம் இருந்தால் விரல் போகும்.

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முழுமையாகப் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் ‘மெஷின் டூல்’ என்பது இயந்திரத்துக்குத் துணையாக வரும் சிறு சாமானைக் குறிக்காது. கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், மில்லிங் இயந்திரம் ஆகிய பெரிய இயந்திரங்களே மெஷின் டூல்கள். உலோகத்தை வெட்டியும் குடைந்தும் தேய்த்தும் மற்ற இயந்திரங்களின் பாகங்களைச் செய்து தருவதால் அவற்றுக்கு அந்தப் பெயர். செயலி தரும் ‘இயந்திரக் கருவி’யைப் படிக்கும் தமிழர் ஸ்பேனரையோ திருப்புளியையோதான் நினைப்பார். அதே பட்டறையில் ‘டூல்’ என்று தனியாகச் சொன்னால், உருப்படியின்மேல் பட்டு உலோகத்தைச் சீவி எடுக்கும் அந்தச் சிறு வெட்டுமுனை என்று பொருள். தொழிற்கல்வி நூல்களில் ‘வெட்டுளி’ என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலைக்குப் போனால் ‘டூல்’ என்பது முழு அச்சையே குறிக்கும். அங்கே ‘டூல் திறக்கிறது’ என்றால் அச்சின் இரு பாதிகளும் பிரிகின்றன என்று பொருள். அங்கே ‘டூல் மேக்கர்’ எனப்படுபவர் அச்சு வெட்டும் கைவினைஞர். சுத்தியலும் குறடும் செய்து விற்பவர் என்று எண்ணிவிடக்கூடாது. ‘டூலிங்’ என்பது ஒரு பொருளை உற்பத்தி செய்யத் தொடங்குமுன் அதற்கென்றே செய்துகொள்ள வேண்டிய அச்சுகள், பிடிப்பான்கள், வெட்டுமுனைகள் ஆகியவற்றின் மொத்தத் தொகுதி. செயலி இதற்குக் ‘கருவியிடல்’ என்று தருகிறது. இந்தச் சொல்லை எந்தத் தொழிலாளியும் பேசி நான் கேட்டதில்லை. தொகுத்தவரும் எங்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

சிக்கலின் வேர் ஆங்கிலச் சொல்லில் மட்டும் இல்லை. நம் ‘கருவி’ மிக அகலமான சொல். வெட்டும் உளியும் கருவி, வீணையும் கருவி, வெப்பமானியும் கருவி. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று இசையை வகுக்கிறோம். இலக்கண வகுப்பில் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப் பொருள் உண்டு என்று படிக்கிறோம். ‘கருவி கரணங்கள்’ என்று உடலையும் மனத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். இன்னும் பின்னோக்கிப் போனால் ‘கருவி’ என்றால் ‘தொகுதி’ என்றே தொல்காப்பியத்தின் உரியியல் பொருள் கூறுகிறது. சங்கப் பாடல்களில் வரும் ‘கருவி வானம்’ இடியும் மின்னலும் காற்றும் மழையும் சேர்ந்த தொகுதி. ஒரு வேலைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் சேர்ந்த ஒன்று என்ற பொருளில் ‘டூலிங்’ என்பதை விளக்க, இந்தப் பழம்பொருள் எவ்வளவு கைகொடுக்கும் என்று எண்ணிப் பார்த்து வியந்தேன். ஆனால் இன்றைய வாசகருக்கு அந்தப் பொருள் தெரியாது. அவருக்குக் கருவி என்றால் எதையாவது செய்ய உதவும் எதுவும் கருவிதான்.

ஆங்கிலம் இந்த அகலத்தைப் பல சொற்களாகப் பிரித்துவைத்திருக்கிறது. கையால் பிடித்து ஒரு பொருளின் உருவை மாற்றினால் ‘டூல்’. நுட்பமாக அளந்தாலோ, இசைத்தாலோ, அறுவைச் சிகிச்சை செய்தாலோ ‘இன்ஸ்ட்ருமென்ட்’. அறுவை மருத்துவரின் கத்தியை யாரும் சாதாரணமாக டூல் என்று சொல்வதில்லை. தச்சரின் உளியை இன்ஸ்ட்ருமென்ட் என்று சொல்வதும் இல்லை. மண்வெட்டியும் ஏரும் ‘இம்ப்ளிமென்ட்’ என்ற பெயரில் வரும். சமையலறையில் கையாள்வது ‘யூட்டென்சில்’. இவை எல்லாவற்றுக்கும் இந்தச் செயலி ‘கருவி’யை முதலில் வைக்கிறது. ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற பதிவைத் திறந்து பார்த்தேன்; அங்கும் அதே வரிசை, கைக்கூலி மட்டும் இல்லை. சட்டத்தில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்பது எழுத்து ஆவணத்தைக் குறிக்கும், காசோலைகூட அந்த வகையில் அடங்கும் என்ற செய்தி அந்தப் பதிவில் இல்லை. கடனுக்காகச் சொத்தைப் பறிமுதல் செய்யும்போது கைவினைஞரின் டூல்களுக்குப் பல நாடுகளின் சட்டங்கள் விலக்கு அளிக்கின்றன. அந்தச் சட்ட வாசகங்களில் கைவினைஞருக்கு ‘டூல்’ என்றும் உழவருக்கு ‘இம்ப்ளிமென்ட்’ என்றும் தனித்தனியே எழுதுவது பழைய மரபு. அதை மொழிபெயர்ப்பவர் இந்தச் செயலியை நம்பினால் இரண்டு இடத்திலும் ‘கருவி’ என்றுதான் எழுதுவார். தொழிற்கருவி, உழவுக்கருவி என்று அடைமொழி சேர்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல்தான். ஆனால் அடைமொழி தேவை என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

‘ஆயுதம்’ என்ற இரண்டாவது சொல் என்னை மிகவும் கவலைப்படுத்தியது. பழைய தொழிலாளர் பேச்சில் உளியும் சுத்தியலும் ஆயுதம் என்றே வழங்கின. அந்த வகையில் சொல் தவறில்லை. இன்று ஓர் அறிவிப்புப் பலகையில் ஆயுதம் என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வாளும் துப்பாக்கியும்தான் எழும். விமானப் பயணிகளுக்கான அறிவிப்பில் ‘டூல்ஸ்’ என்று வருவதை ஆயுதங்கள் என்று பெயர்த்தால், ஸ்பேனர் வைத்திருக்கும் பயணி தனக்கும் அந்த விதிக்கும் தொடர்பில்லை என்று எண்ணிப் போய்விடுவார். இதில் ஒரு விந்தை என்னவென்றால், பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ‘டூல்டு அப்’ என்றால் ஆயுதம் தரித்து வந்தவன் என்றே பொருள். அந்த ஓர் இடத்தில் ‘ஆயுதம்’ மிகச் சரியாகப் பொருந்தும். செயலியில் அந்தத் தொடர் இல்லை.

‘கைக்கூலி’க்கு வருகிறேன். பிறர் தம் காரியத்துக்காகப் பயன்படுத்திக்கொள்ளும் ஆளை ‘டூல்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ள வழக்கு. அதற்குக் கைக்கூலி என்பது அறவே பொருந்தாது. கைக்கூலி காசு வாங்குகிறான். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிறான். டூலாக இருப்பவனுக்குத் தான் பயன்படுத்தப்படுகிறோம் என்பதே பல நேரங்களில் தெரியாது. அவன் மேல் பழியும் இருக்கலாம், பரிதாபமும் இருக்கலாம். கைப்பாவை, பகடைக்காய் என்ற இரண்டு சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று கேட்கும் மொழியில், ஆளைக் கருவியாகப் பார்க்கும் பார்வை புதிதும் இல்லை. ஒரு செய்திக் கட்டுரையில் ஒருவரைக் கைப்பாவை என்று எழுதுவதற்கும் கைக்கூலி என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, வாசகரின் மனத்தில் மட்டும் அல்லாமல் நீதிமன்றத்திலும் பெரிதாகலாம். இன்றைய இளைஞர் பேச்சில் ஒருவனை ‘டூல்’ என்றால், எரிச்சலூட்டும் மடையன் என்ற வசை. இதைத் தவிர ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சை வழக்கும் ஆங்கிலத்தில் நெடுங்காலமாக உண்டு. தமிழில் ‘சாமான்’ என்ற சொல்லுக்கும் அதே நிலைதான் என்பதைப் பட்டறையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். கற்பவருக்கு இதை ஒரு வரியில் எச்சரித்துவிடுவது அகராதியின் கடமை.

வினைச்சொல்லில் செயலி மிகவும் பின்தங்கியிருக்கிறது. ‘கருவியால் வேலை செய்’ என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு ‘டூல்டு லெதர்’ என்ற தொடரை யாராலும் பெயர்க்க முடியாது. தோலட்டை கட்டிய பழைய நூல்களைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புத்தகக் கட்டுநர் பித்தளையால் செய்த முத்திரையைச் சூடாக்கி, தோலின்மேல் வைத்த தங்க ரேக்கில் அழுத்துவார். முத்திரை பட்ட இடத்தில் மட்டும் தங்கம் ஒட்டிக்கொண்டு, பூவாகவோ கோடாகவோ எழுத்தாகவோ நிற்கும்; மீதி ரேக்கைத் துடைத்து எடுத்துவிடுவார். தங்கம் இல்லாமல் அழுத்தத்தாலும் சூட்டாலும் மட்டுமே பதிக்கும் முறையும் உண்டு. இந்த வேலைதான் ‘டூலிங்’, அப்படி அலங்கரித்த தோல்தான் ‘டூல்டு லெதர்’. தமிழில் ‘சித்திரம் பதித்த தோல்’ என்று சொன்னாலே போதும். செயலியின் வாக்கிய மொழிபெயர்ப்புப் பகுதியில் இந்தத் தொடரை இட்டபோது ‘கருவித் தோல்’ என்று வந்தது.

‘டூல் அப்’ என்றால் தொழிற்சாலையைப் புதிய உற்பத்திக்குத் தேவையான அச்சுகளோடும் இயந்திரங்களோடும் ஆயத்தம் செய்வது. ‘டவுன் டூல்ஸ்’ என்றால் வேலையை நிறுத்துவது, பெரும்பாலும் கோரிக்கைக்காக. சொல்லுக்குச் சொல் போனால் ‘கருவிகளைக் கீழே வை’ என்று ஆகும். தமிழில் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம். வண்டியை அவசரம் இல்லாமல் ஓட்டிச் செல்வதையும் ‘டூல்’ என்று சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைவண்டி ஓட்டியவர்களின் பேச்சிலிருந்து வந்த வழக்கு அது. கதைகளில் இதைச் சந்திக்கும் மொழிபெயர்ப்பாளர் திகைத்துப் போவார். செயலியில் இம்மூன்றும் இல்லை.

பாராட்ட வேண்டிய இடங்களும் பதிவில் உள்ளன. கணினிச் சொற்களைச் செயலி நன்றாகக் கையாண்டிருக்கிறது. கருவிப்பட்டை, கருவிப்பெட்டி என்று தருபவை இன்று கணினித் தமிழில் நிலைபெற்ற சொற்கள். திரையில் தெரியும் தூரிகைப் படமும் அழிப்பான் படமும் கைக்கருவிகளையே நினைவூட்டுவதால், அங்கே ‘கருவி’ இயல்பாக அமர்ந்துவிடுகிறது. அதைவிட என்னை மகிழ்வித்தது பழமொழி. திறமையற்ற வேலைக்காரன் தன் டூல்களைக் குறை சொல்வான் என்ற ஆங்கிலப் பழமொழிக்கு, அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று போட்டிருக்கிறார்கள். உளியும் ரம்பமும் அந்தத் தமிழ் வரியில் இல்லை; ஆனால் பொருள் முழுதாக வந்துவிட்டது. இந்த ஓர் இடத்தில் உழைத்தவர் மற்ற இடங்களிலும் உழைத்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு வந்தது.

சொல் வரலாறு என்ற தலைப்பும் செயலியில் இருக்கிறது. ‘டூல்’ பதிவில் அங்கே ‘பழைய ஆங்கிலம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே உள்ளன. இந்தச் சொல்லின் அடிப்பகுதிக்கு ஆயத்தம் செய்தல், உருவாக்குதல் என்று பொருள். தோலைப் படிகாரம் இட்டுப் பதப்படுத்துவதைக் குறிக்கும் ‘டா’ என்ற ஆங்கில வினை அதன் உறவு. இறுதியில் நிற்கும் லகரம் கருவிப் பெயரை ஆக்கும் விகுதி. தள்ளுவதற்கான ‘ஷவ்’ என்ற வினையிலிருந்து ‘ஷவல்’, நூற்பதற்கான ‘ஸ்பின்’ என்ற வினையிலிருந்து ‘ஸ்பின்டில்’, கைக்கான ‘ஹேண்ட்’ என்ற சொல்லிலிருந்து ‘ஹேண்டில்’ என்று ஆங்கிலம் இந்த விகுதியால் பல கருவிப் பெயர்களை உண்டாக்கியது. நாமும் இழைப்பதற்கு இழைப்புளி என்றும் திருப்புவதற்குத் திருப்புளி என்றும் உளியைச் சேர்த்தே பெயர் வைத்தோம். இப்படி ஒரு குறிப்பு இருந்தால் கற்பவருக்குச் சொல் மறக்காது. மூன்று வரியில் எழுதிவிடலாம்.

அறிவியல் நூல்களைப் பெயர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் ‘டூல்’ என்பதற்குக் கறாரான எல்லை வகுத்திருக்கிறார்கள். கடல் நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி மார்பின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை அதில் மோதி உடைத்தால் அது கருவிப் பயன்பாடு. கடற்காகம் சிப்பியை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்தால், பாறையை அது கையாளாததால் அது முழுமையான கருவிப் பயன்பாடாகாது என்பது பலரின் கருத்து. 1960-இல் சிம்பன்சிகள் புல்தண்டை நுழைத்துக் கறையான் பிடிப்பதை விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் கண்டு சொன்னபோது, கருவி செய்வது மனிதருக்கே உரியது என்ற நெடுநாள் நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்தத் துறையில் ‘கருவி’ என்பதே சரியான சொல். சாதனம் என்றோ உபகரணம் என்றோ மாற்றி மாற்றி எழுதினால் வாதமே குலைந்துவிடும். காற்புள்ளிகளுக்கு இடையே உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்கும் மாணவர் அந்தத் தவற்றைத்தான் செய்வார்.

இந்தச் செயலியைப் பள்ளி மாணவர்களும், ஆங்கிலச் செய்தி படிக்கையில் ஒரு சொல் தடுக்கும்போது உடனே பார்க்க விரும்புபவர்களும் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்கள் இதை முதல் படியாக மட்டும் கொள்ள வேண்டும். தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்ட பிறகு, அதை வைத்து எழுதிய வரியை அந்த வேலையைச் செய்பவர் ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது. ஐந்து புள்ளிகளுக்கு நான் மூன்று தருகிறேன். துறைக் குறிப்பும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்த்தால் நான்கரை தரத் தயாராக இருக்கிறேன்.

மேலே சொன்னவற்றை எல்லாம் செயலியின் கருத்துப் பெட்டி வழியாக எழுதி அனுப்பினேன். நன்றி கூறி ஒரு மறுமொழி வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த புதிய பதிப்பில் ‘மெஷின் டூல்’ பதிவைத் திருத்தியிருந்தார்கள். ‘உலோகத்தை வெட்டி உருவாக்கும் இயந்திரம் (எ.கா. கடைசல் இயந்திரம்)’ என்று இப்போது இருக்கிறது, அந்தத் திருத்தத்தைக் கடைசல்காரரிடம் காட்டினேன், சரி என்று தலையசைத்தார். ‘டூலிங்’ பதிவிலிருந்து கருவியிடல் போய்விட்டது, மாற்றாக எதுவும் வரவில்லை. கைக்கூலி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறேன்.